விண்மீன் ஒளியின் பொருள் உரைத்த மேகநாத் சாகா

தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்ட குடிகளில் தோன்றி, கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு உலகம் மதிக்கும் நிலைக்கு உயர்ந்தோர் வரலாறு நம் பிள்ளைகள் தவறாது அறியவேண்டிய வரலாறாகும். அண்ணல் அம்பேத்கர் 1891-இல் பிறந்து 1956-இல் மறைந்தார் என்பதை நம் கழகப் பிள்ளைகள் யாவரும் அறிவர். அவருக்கு இரண்டாண்டு இளையவராய் வங்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, அதே 1956-இல் மறைந்த மற்றொரு பெருமகனாரும் உண்டு. அண்ணல் சட்டத்தைக் கற்று நம்மவர்க்கு வழி சமைத்தார். இவர் இயற்பியலைக் கற்று விண்மீன்களின் ஒளிக்குப் பொருள் உரைத்தார். அவரே மேகநாத் சாகா. நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அவர்தம் வாழ்வைச் சுருங்க எடுத்துரைக்க விழைகின்றோம்.

முன்னதாக ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. சாகா பிறந்தது சிறுவணிகம் செய்யும் வகுப்பு. நம் பகுதியின் சேரிவாழ் மக்கள் பட்ட கொடுமை அனைத்தையும் அவ்வகுப்பினர் பட்டனர் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் மேல்வகுப்பினர் அவர்களைத் தாழ்ந்தோராகவே கருதினர். உடன் அமர்ந்து உண்ணவும் மறுத்தனர். அந்த அவமதிப்பை மாணவப் பருவத்திலேயே சாகா நேரில் கண்டார் என்பதை இனிக் காண்போம்.

இளமையும் வறுமையும்

மேகநாத் சாகா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், டாக்கா நகருக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சியோராதாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் வங்காளதேசத்தைச் சேர்ந்தது. தந்தையார் ஜகந்நாத் சாகா சிறு மளிகைக்கடை ஒன்று நடத்திவந்தார். தாயார் பெயர் புவனேசுவரி. மக்கள் எண்மருள் ஐந்தாமவர் மேகநாத். கடையின் வருவாய் குடும்பத்தின் உணவுக்கே போதாத நிலை. ஆகவே, எழுத்தும் கணக்கும் தெரிந்தபின் மகன் கடையில் உதவியாக இருந்தால் போதும் என்பதே தந்தையாரின் எண்ணம். சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்ட தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள்தாம் மேற்படிப்புக்காகப் பரிந்து பேசினர்.

நடுநிலைப் பள்ளியோ ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் சிமுலியா என்னும் ஊரில் இருந்தது. ஏம்பலத்திலிருந்தும் மடுகரையிலிருந்தும் நெட்டப்பாக்கம் வரும் நம் பிள்ளைகளுக்கு இன்று பேருந்தும் மிதிவண்டியும் உண்டு. அன்று அச்சிறுவனுக்கு அவை இல்லை. மூத்த தமையனார் ஜெய்நாத் அலைந்து திரிந்து, சிமுலியாவின் மருத்துவர் அனந்த குமார் தாஸ் என்பவரின் இல்லத்தில் தம்பிக்கு இடம் தேடித் தந்தார். உணவும் உறைவிடமும் இலவசம். அதற்கு ஈடாக மேகநாத் அவ்வீட்டின் பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; தாம் உண்ட தட்டைத் தாமே கழுவிக்கொள்ள வேண்டும். இவற்றைச் செய்துகொண்டே படித்து, நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். அதன் பயனாக மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

1905-இல் டாக்கா அரசினர் பள்ளியில் சேர்ந்தார். நகர வாழ்க்கைக்கு 4 ரூபாய் எப்படிப் போதும்? சணல் ஆலையில் பணிபுரிந்த ஜெய்நாத், தாம் பெற்ற 20 ரூபாய் ஊதியத்தில் 5 ரூபாயை மாதந்தோறும் தம்பிக்கு அனுப்பினார். கிழக்கு வங்க வைசிய சமிதி என்னும் சமுதாயச் சங்கம் மாதம் 2 ரூபாய் அளித்தது. இந்த 2 ரூபாயை நம் கழகத்தார் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சங்கத்தில் அன்று யார் தலைவர், யார் பொருளாளர் என்பதை இன்று கேட்பார் இல்லை. அவர்கள் கொடுத்த 2 ரூபாய் எந்த மாணவனுக்குச் சென்றது என்பதோ அறிவியல் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அவ்வாண்டிலேயே வங்கப் பிரிவினை நிகழ்ந்தது; நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. துணைநிலை ஆளுநர் புல்லர் பள்ளிக்கு வந்தபோது மாணவர் சிலர் அவரைப் புறக்கணித்தனர். அவர்களுள் மேகநாத்தும் ஒருவர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோயிற்று. தனியார் பள்ளியாகிய கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. 1909-இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கம் முழுமைக்கும் முதல்வராகத் தேறினார்.

கல்கத்தாவில்

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பிரபுல்ல சந்திர ராயும் ஜகதீச சந்திர போசும் அங்கே ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். 1913-இல் கணித இளங்கலைச் சிறப்புத் தேர்விலும், 1915-இல் முதுகலைத் தேர்விலும் போஸ் முதலிடம் பெற, சாகா இரண்டாமிடம் பெற்றார்.

ஆயினும் அவர் தங்கிய ஈடன் இந்து விடுதியில் நிலைமை வேறாக இருந்தது. மேல்வகுப்பு மாணவர் சிலர் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். கல்வித் தெய்வத்துக்கு எடுக்கும் சரசுவதி பூசையிலும் அவரைச் சேர்க்கவில்லை. மாவட்ட முதல்வன், மாகாண முதல்வன் என்னும் பெருமைகள் யாவும் உணவுக்கூடத்தின் வாயிலில் செல்லாக்காசாயின. சாகா விடுதியை விட்டு வெளியேறினார். படிப்பை விட்டு வெளியேறவில்லை.

நிதித்துறைப் பணித் தேர்வு எழுத விரும்பினார். அரசியல் ஐயப்பாட்டால் அதற்கு இசைவு கிட்டவில்லை. மிதிவண்டியில் நகரின் மூலைமுடுக்கெல்லாம் சென்று, வீடுகளில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1916-இல் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளராக அமர்த்தினார். சாகாவும் போசும் ஜெர்மன் மொழி அறிந்தவர்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை அவ்விருவரும் ஆங்கிலத்தில் பெயர்க்க, அந்நூல் 1920-இல் கல்கத்தாவில் வெளிவந்தது.

அக்காலத்தில் சாகாவின் உள்ளத்தை ஆட்கொண்ட வினா ஒன்று உண்டு. அதனை அறிய, அணுக்கள் ஒளிவிடும் முறையைச் சற்றுத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

பொருளுக்கொரு ஒளி

எரியும் அடுப்பில் உப்புநீர் பொங்கி வழிந்தால் சுடர் மஞ்சளாக மாறுவதை நம் இல்லத்துப் பெண்கள் நன்கு அறிவர். அம்மஞ்சள் உப்பிலுள்ள சோடியத்தின் ஒளி. மயில்துத்தத்தைத் தீயிலிட்டால் பச்சைச் சுடர் தோன்றும். அது செம்பின் ஒளி. தீபாவளி மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்சியம் சேர்ந்த மூலக்கூறுகளாலும், பச்சை பேரியம் சேர்ந்த மூலக்கூறுகளாலும் உண்டாகின்றது.

இவ்வொளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே செலுத்தினால் அது கோடுகளாகப் பிரியும். சோடியத்துக்கு 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளங்களில் நெருங்கிய இரு மஞ்சள் கோடுகள். ஹைட்ரஜனுக்கு 656.3-இல் சிவப்பு, 486.1-இல் நீலப்பச்சை. ஒரு தனிமத்தின் கோடுகள் மற்றொன்றுக்கு வாய்ப்பதில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கிர்ச்சாபும் புன்சனும் 1859-60-இல் இதனை நிறுவினர். விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறியமாட்டான் என்று பிரெஞ்சு மெய்யியலறிஞர் கோம்ட் 1835-இல் எழுதியிருந்தார். கால் நூற்றாண்டுக்குள் அக்கூற்று பொய்யாயிற்று.

அணு இவ்வாறு ஒளிவிடுவது ஏன்? 1913-இல் நீல்ஸ் போர் விடை கூறினார். அணுக்கருவைச் சூழ்ந்த எலக்ட்ரான் சில குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்கவல்லது. படிக்கட்டில் ஒரு படியிலோ மறுபடியிலோ நிற்கலாமேயன்றி இடையில் நிற்க இயலாது. வெப்பத்தாலோ மோதலாலோ மேற்படிக்கு ஏறிய எலக்ட்ரான் கீழே இறங்குங்கால், அவ்விரு படிகளின் வேறுபாட்டுக்கு ஒத்த ஆற்றலை ஒளியாக உமிழ்கின்றது. படிகளின் இடைவெளி தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஆதலால் ஒளியும் வேறு. மூலக்கூறுகளிலோ அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அதிரவும் சுழலவும் செய்வதால், கோடுகள் பலவாகப் பெருகி நெருங்கிப் பட்டைகளாகத் தோன்றும். மேலும், எந்த ஒளியை அணு உமிழுமோ அதே ஒளியை அது விழுங்கவும் செய்யும். கதிரவனின் வெளிப்படலத்திலுள்ள அணுக்கள் உள்ளிருந்து வரும் ஒளியில் தமக்குரியதை விழுங்கிவிடுவதால், அவ்விடங்களில் கருங்கோடுகள் காணப்படுகின்றன.

இந்த ஆராய்ச்சியில் நம் தென்னாட்டு மண்ணுக்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஜான்சன், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்தார். கதிரவனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் ஒளிக்கோடுகளை ஆராய்ந்தார். கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைக் காணும் வழியையும் கண்டறிந்தார். அவ்வாண்டில் புலப்பட்ட மஞ்சள் கோடு ஒன்று சோடியத்தினதன்று எனத் தெரிந்தது. அதற்குரிய புதிய தனிமத்துக்கு லாக்யர் என்னும் ஆங்கில அறிஞர் ஹீலியம் எனப் பெயரிட்டார். அத்தனிமம் மண்ணுலகில் அகப்பட்டது 1895-இல்தான்.

விடை காணாத புதிர்

கோடுகளைக் கண்டாயிற்று, ஆனால் அவற்றின் பொருள் முழுவதும் விளங்கவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கேனன் அம்மையார் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தினார். சில விண்மீன்களில் ஹீலியம் கோடுகள் மிகுதி, சிலவற்றில் ஹைட்ரஜன், சிலவற்றில் இரும்பும் கால்சியமும். நாம் சித்திரை என அழைக்கும் நீலவெண் விண்மீனில் ஹீலியத்தின் கோடுகள் காணப்படுகின்றன. கேட்டை, திருவாதிரை என்னும் செவ்விண்மீன்களில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறின் பட்டைகள் நிறைந்துள்ளன. அப்படியாயின் ஒவ்வொரு விண்மீனும் வெவ்வேறு பொருளால் ஆனதா?

கதிரவனிலும் புதிர்கள் இருந்தன. மண்ணுலகில் கிடைக்கும் ருபீடியம், சீசியம் என்னும் தனிமங்களின் கோடுகள் கதிரவனில் தென்படவில்லை. ஆகவே அவை அங்கே இல்லை எனப் பலரும் எண்ணினர். வெப்பநிலை வேறுபாடே கோடுகளின் வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என ஐயுற்றோர் இருந்தனர். எனினும் அதனைக் கணக்கிட்டுக் காட்டியவர் இலர்.

சாகா கண்ட விடை

ஆய்வுக்கூட வசதியோ தொலைநோக்கியோ இன்றி, நூல்களும் இதழ்களும் தாளும் எழுதுகோலுமே துணையாகக் கல்கத்தாவில் இருந்தபடி சாகா இப்புதிரை அவிழ்த்தார். அதற்கு முன்பே, ஒளியின் அழுத்தம் பற்றி அவர் எழுதிய கட்டுரையை வெளியிட அமெரிக்க இதழொன்று அச்சுச் செலவில் பங்கு கேட்டது. அதைக் கொடுக்க அவரிடம் பணமில்லை. முழுக் கட்டுரை அவ்விதழில் வெளிவரவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை.

1920-இல் இலண்டன் இதழில் வெளிவந்த கட்டுரையில் அவர் காட்டியது இதுவே. வெப்பம் மிகுந்தால் அணு தன் எலக்ட்ரானை இழந்து அயனியாகின்றது. அயனியின் படிக்கட்டு வேறு. ஆகவே அதன் ஒளியும் வேறு. எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும். சீசியத்துக்கு 3.9 எலக்ட்ரான் வோல்ட், ருபீடியத்துக்கு 4.2, கால்சியத்துக்கு 6.1, ஹைட்ரஜனுக்கு 13.6, ஹீலியத்துக்கு 24.6. வெப்பம் பிரிக்கின்றது, நெரிசலோ சேர்த்து வைக்கின்றது. அழுத்தம் மிக்க இடத்தில், பிரிந்த எலக்ட்ரானை அருகிலுள்ள வேறோர் அயனி விரைவில் பற்றிக்கொள்ளும். அழுத்தம் குறைந்த இடத்தில் அது நெடுநேரம் தனித்துத் திரியும். வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால் எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகியிருக்கும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டைச் சாகா அளித்தார். அது சாகா சமன்பாடு என இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது.

புதிர்கள் அவிழ்ந்தன. கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பமுடையது. அவ்வெப்பத்தில் எளிதில் எலக்ட்ரானை இழக்கும் ருபீடியமும் சீசியமும் ஏறக்குறைய முழுவதும் அயனிகளாகிவிடுகின்றன. அவ்வயனிகளின் கோடுகளோ நம் கண்ணுக்கு எட்டும் ஒளியில் அமையவில்லை. ஆகவே அவை அங்கிருந்தும் தென்படவில்லை. வெப்பம் குறைந்த கதிரவக் கரும்புள்ளிகளில் தேடினால் அவை புலப்படக்கூடும் எனச் சாகா முன்னுரைத்தார். அமெரிக்க வானியலறிஞர் ரசல் கரும்புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்தபோது ருபீடியத்தின் கோடுகள் அங்கே காணப்பட்டன.

சித்திரை 20,000 கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பமுடையது. ஆதலின் அங்கே ஹீலியம் தன் கோட்டைக் காட்டுகின்றது. கேட்டை ஏறத்தாழ 3,600 கெல்வின். ஆதலின் அங்கே மூலக்கூறுகள் சிதையாது நிலைக்கின்றன. விண்மீன்களின் வகை வேறுபாட்டுக்குப் பொருள் வேறுபாடு காரணமன்று. நிலைமை வேறுபாடே முதன்மையான காரணம்.

இந்த வழியைப் பற்றி மேலும் சென்றவர் செசிலியா பெயின் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவர் படித்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அந்நாளில் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. ஆகவே அமெரிக்கா சென்று 1925-இல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். சாகாவின் முறையைக் கொண்டு கணக்கிட்டு, விண்மீன்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜனே எனக் கண்டார். கதிரவனில் ஹைட்ரஜன் கோடுகள் ஏன் அத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை? கட்புலனாகும் அக்கோட்டை உண்டாக்க எலக்ட்ரான் முன்பே இரண்டாம் படியில் நிற்க வேண்டும். கதிரவனின் வெப்பத்தில் அவ்வாறு நிற்பவை 100 கோடி அணுக்களுக்கு ஏறத்தாழ ஐந்து மட்டுமே. மற்றவை யாவும் இருந்தும் இல்லாதனபோல் இருக்கின்றன. அம்முடிவை முதலில் ஐயுற்ற ரசல், 1929-இல் தாமே ஆராய்ந்து உண்மையென உடன்பட்டார்.

பிற்காலத் தொண்டு

சாகா 1920-இல் ஐரோப்பா சென்று, இலண்டனில் பௌலர் ஆய்வகத்திலும் பெர்லினில் நெர்ன்ஸ்ட் ஆய்வகத்திலும் பணியாற்றி, 1921-இல் கல்கத்தா திரும்பினார். 1923 முதல் 1938 வரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1927-இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினரானார். அலகாபாத்தில் அவரிடம் பயின்றவருள் தௌலத் சிங் கோத்தாரி ஒருவர். 1964-66 ஆண்டுகளின் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே கோத்தாரிதாம் அவர். கோத்தாரிக் குழுவின் அறிக்கையைப் படித்தே ஆசிரியத் தொழிலில் நுழைந்த நம்போன்றோர்க்குச் சாகா ஆசிரியரின் ஆசிரியர் எனலாம்.

1938-இல் கல்கத்தாவுக்கு மீண்டு, முன்னர்த் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் வகித்த பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். அணுக்கரு இயற்பியல் நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1950-இல் திறக்கப்பட்ட அது இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. தாமோதர் ஆற்றின் வெள்ளக் கொடுமையைத் தடுக்கத் திட்டம் வகுப்பதிலும் முன்னின்றார். 1952-இல் மக்களவைக்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே அண்ணல் அம்பேத்கர் மாநிலங்களவை உறுப்பினரானார் என்பது நினைவுகூரத்தக்கது. நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் சாகா தலைமை தாங்கினார். அக்குழு பரிந்துரைத்த தேசிய நாள்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் உயிர்நீத்தார்.

நாம் கொள்ளவேண்டுவது

சாகாவின் வாழ்வும் அவர் கண்ட அறிவியலும் ஒரே பாடத்தை உணர்த்துகின்றன. கோடு தெரியவில்லை என்பதனால் பொருள் இல்லை என்று முடிவு கட்டலாகாது. பொருள் இருந்தும், வெப்பமும் அழுத்தமும் ஒவ்வாதவழி அதன் ஒளி மறைந்திருக்கும்.

பாகூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்விச்சாலை ஒன்று விளங்கிற்று என்றும், அதற்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் மூன்று ஊர்களைக் கொடையளித்தான் என்றும் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. இத்துணைத் தொன்மையான கல்வி மரபுடைய நாட்டில், கழனியில் நாற்று நட்ட நம் முன்னோர்க்கு எழுத்தறிவு எட்டவில்லை. அவர்களிடம் அறிவு இல்லாமையால் அன்று. அது வெளிப்படும் நிலைமை அவர்களுக்கு வாய்க்காமையால்.

இன்றும் பள்ளிகளில், மாணவன் ஒருவனைப் படிப்பு ஏறாதவன் என்று சொல்லிவிடுதல் எளிது. அவ்வாறு சொல்லுமுன் ஆசிரியராகிய நாம் அவனுடைய வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து பார்த்தோமா எனக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். காலையில் உண்டு வந்தானா? கரும்பு வெட்டும் பருவத்தில் தாய் தந்தையரோடு வேலைக்குச் சென்றுவிடுகின்றானா? இரவில் படிக்க விளக்கும் இடமும் உண்டா? பத்தாம் வகுப்போடு நின்ற பெண்ணின் வீட்டுக்கு நாம் ஒருமுறையேனும் சென்று பேசினோமா? கரும்புள்ளியில் தேடிய பின்னரே ருபீடியம் அகப்பட்டது.

பெற்றோர்க்கும் கழகத்தார்க்கும் கூறவிழைவது ஒன்றே. ஜெய்நாத் தம் ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கைத் தம்பிக்குக் கொடுத்தார். ஏழைச் சங்கம் ஒன்று மாதம் 2 ரூபாய் கொடுத்தது. கொடுக்கும் நாளில் அவர்களுள் எவரும் சமன்பாட்டையோ விண்மீனையோ கனவு கண்டிரார். ஒரு பையன் மேல் வகுப்புக்குச் செல்ல வேண்டும் என்றே எண்ணியிருப்பர். நம் கழகத்தின் உதவித்தொகையும், மாலைநேரப் படிப்பு வகுப்பும், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளும் அந்த எண்ணத்தோடு தொடர்க என வாழ்த்துகின்றோம்.